மேட்டூரில் மூடும் மதகும் கொள்ளிடத்தில் ஏறும் உப்பும்

சேலம் மாவட்டத்து மேட்டூருக்கும், கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு உண்டு. குமாரபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் எனச் சேலம், நாமக்கல் சமவெளியின் ஓரமாகவே காவிரி கீழிறங்குகிறது. ஆயினும் கோடையில் கழிமுகத்து உப்பு ஆற்றுக்குள் எத்தனை தூரம் ஏறும் என்பதில் மேட்டூர் மதகுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தத் தொடர்பை அளந்து காட்டும் கருவியே உப்புநீர் ஊடுருவலின் கணித மாதிரி.

அதன் அடிப்படை எளிது. கழிமுகத்தில் இரண்டு விசைகள் மோதுகின்றன. ஆற்றின் நன்னீர் உப்பை வெளியே தள்ளுகிறது. கடலின் ஓதம் நீரைக் கலக்கி உப்பை உள்ளே கொண்டுவருகிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பைக் கொண்ட கடல்நீர், நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு கனமானது. ஆகவே அது ஆற்றின் அடிப்பகுதியில் ஆப்புபோல நுழையவும் செய்கிறது. இவ்விரு விசைகளும் சமனாகும் நிலையை மாதிரி கணக்கிடுகிறது. இதற்கு ஆற்றின் நீரோட்டம், குறுக்குவெட்டுப் பரப்பு, கலப்பின் வேகம் ஆகிய மூன்று அளவுகள் தேவை.

மிக எளிய மாதிரியில் நீரோட்டம் பாதியானால் உப்பு ஏறும் தூரம் இருமடங்காகும். உண்மையான கழிமுகம் உட்புறம் செல்லச் செல்லக் குறுகுவதால் அந்த அளவு சற்றுக் குறையும். நெதர்லாந்து நீரியலாளர் ஹூபர்ட் சாவெனிஹே உருவாக்கிய மாதிரி இந்தப் புனல் வடிவத்தையும் கணக்கில் கொள்கிறது. மணலை அள்ளி ஆற்றுப்படுகையை ஆழமாக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு கூடுகிறது. அதே நீரோட்டத்திலும் உப்பு மேலும் முன்னேறுகிறது. மணற்கொள்ளையின் விலையையும் இதே சமன்பாடு சொல்லிவிடுகிறது.

நீரோட்டம் இயற்கையின் கையில் மட்டும் இல்லை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, மரபாக ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுகிறது. இடைப்பட்ட கோடை மாதங்களில் அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடம் வறள்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கியது 10 டி.எம்.சி. மட்டுமே. அதை ஆண்டு முழுவதற்கும் சீராகப் பிரித்தால் நொடிக்குச் சுமார் 317 கன அடிதான் வரும். அதுவும் முழுப் படுகைக்குமானது.

இந்த உப்பு எல்லோர் மீதும் ஒரே அளவில் படிவதில்லை. நிலமும் ஆழ்குழாய்க் கிணறும் உடையவர் வேறு வழி தேடிக்கொள்வார். டெல்டாவின் நிலமற்ற கூலித் தொழிலாளரில் பெரும்பான்மையினரான தலித் மக்களுக்கோ, வயல் உவர்ந்தால் வேலை போகிறது. காலனியின் கைப்பம்பு உவர்ந்தால் குடிநீரும் போகிறது. நட்ட ஈடு கோர அவர்கள் பெயரில் பட்டா இருப்பதில்லை. டெல்டா கடலோரத்தில் இறால் பண்ணைகள் நிலத்தடி நீரை உவர்ப்பாக்கியபோது நிகழ்ந்ததும் இதுவே. கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையரின் போராட்டத்தை அடுத்து, ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்காற்று மண்டலத்திலிருந்த இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது.

தடுப்பணை கட்டினால் தீர்வு கிடைக்கும் என்பர். அணைக்கு மேலே அது உப்பைத் தடுக்கும். ஆனால் கீழே விடும் நீரைக் குறைத்தால், அணைக்கும் கடலுக்கும் இடையே வாழ்வோரிடம் உப்பு கூடும். தடுப்பணையின் பலனும் பாதிப்பும் யாருக்கு என்பதைத் திட்ட அறிக்கை சொல்லியாக வேண்டும்.

எனவே எந்த மாதிரியிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. உவர்ப்பு எங்கெங்கே அளக்கப்பட்டது? அவற்றில் காலனிக் கிணறுகள் உண்டா? ஏப்ரல், மே மாதங்களில் அக்கிணறுகள் உவராதிருக்கக் கொள்ளிடத்தில் எத்தனை கன அடி ஓட வேண்டும்? மூன்றாம் கேள்விக்கான விடையைக் கணிதத்தால் தர முடியும். அந்த நீரை மேட்டூரிலிருந்து திறப்பது அரசின் கடமை.