கட்டணமில்லாக் காட்சிகள்

நுழையும்முன்

சுற்றுலா என்றதும் நுழைவுச்சீட்டும் விடுதி அறையும் உணவகச் செலவுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இயற்கை தன் அரிய காட்சிகள் பலவற்றிற்கு வாயில் வைப்பதில்லை, சீட்டும் கேட்பதில்லை. ஐதராபாத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் அத்தகைய காட்சிகள் பல உள்ளன. குறைந்த செலவில் அவற்றைக் காணும் முறையையும், காண்பவர்க்கு உரிய கடமையையும் இப்பாடம் விளக்குகிறது.

பாறைகளின் நகரம்

ஐதராபாத் என்றவுடன் சார்மினாரையும் கோல்கொண்டாக் கோட்டையையும் எண்ணுவது வழக்கம். அவற்றைவிடப் பன்மடங்கு பழமையான செல்வம் ஒன்று இந்நகரின் தெருவோரங்களிலேயே கிடக்கிறது. அது கருங்கற்பாறை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போலவும், இப்போதே உருண்டுவிடும் என்று தோன்றுமாறும் நிற்கும் பெரும்பாறைகளை மௌலா அலிக் குன்றிலும், கஜாகுடாக் குன்றுகளிலும், துர்கம் செருவு ஏரிக்கரையிலும் காணலாம்.

ஊர்ப்பெயர்களே இந்நிலத்தின் இயல்பைச் சொல்கின்றன. தெலுங்கில் 'கொண்டா' என்பது குன்று. 'குட்டா' என்பது சிறுகுன்று. 'பண்டா' என்பது பாறை. 'செருவு' என்பது ஏரி. தமிழின் 'குன்று' என்னும் சொல்லும் தெலுங்கின் 'கொண்டா' என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பர் மொழியறிஞர். 'கொல்ல கொண்டா', அதாவது ஆயர் குன்று என்பதே கோல்கொண்டா ஆயிற்று என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். மலைமேல் கட்டிய கோட்டைக்கு மலையின் பெயரே நிலைத்துவிட்டது.

அடுக்கியவர் யார்?

இப்பாறைகளை முதன்முதலில் காண்பவர், இவற்றை இவ்வாறு தூக்கி அடுக்கியவர் யார் என்று வியப்பர். உண்மையில் இவற்றை எவரும் தூக்கவில்லை, அடுக்கவும் இல்லை. பாறைகள் தாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்திருந்தவையே அகன்றுவிட்டன.

ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் இருந்த கொதிக்கும் கற்குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாக இறுகியது. காலப்போக்கில் அதன்மேல் இருந்த நிலப்படலங்களை மழையும் காற்றும் அரித்துச் சென்றன. மேலிருந்து அழுத்திய சுமை குறையவே, கருங்கல் சற்றே விரிந்தது. நெடுக்கிலும் குறுக்கிலும் வெடித்தது. வெடிப்புகளின் வழியே மழைநீர் உள்ளே இறங்கியது.

கருங்கல் பல கனிமங்களின் கூட்டு. அவற்றுள் பெல்ட்ஸ்பார் என்பது நீரால் சிதைந்து களிமண்ணாக மாறும். குவார்ட்ஸ் என்பது சிதையாமல் மணலாக உதிரும். பெட்டி போன்ற ஒரு கல்லின் முகப்பில் நீர் ஒருபுறம் மட்டுமே தாக்குகிறது. விளிம்பில் இருபுறமும், மூலையில் முப்புறமும் தாக்குகிறது. ஆகவே மூலைகளே விரைந்து தேய்கின்றன. சதுரக்கல் உருண்டைக்கல் ஆவது இவ்வாறுதான். உதிர்ந்த மண்ணை மழை அடித்துச் செல்ல, உருண்ட கற்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக எஞ்சி நிற்கின்றன. மாமல்லபுரத்தில் சரிவான பாறைமேல் நிற்கும் 'வெண்ணெய் உருண்டை'யையும், செஞ்சியைச் சூழ்ந்த கற்குன்றுகளையும் கண்ட மாணவர்க்கு இக்காட்சி புதியதன்று.

ஏரிகளும் ஆறும்

பாறைகள் இந்நகருக்கு அளித்த பெருங்கொடை நீர்நிலைகள். இரு குன்றுகளுக்கு இடையே தாழ்ந்த நிலத்தில் மழைநீர் திரளும். அங்கே கரை எழுப்பினால் ஏரி உருவாகும். இந்நுட்பத்தை அறிந்த முன்னோர் இவ்வட்டாரமெங்கும் ஏரிகளை அமைத்தனர். துர்கம் செருவு, குதுப் சாகி மன்னர் காலத்தில் கோல்கொண்டாக் கோட்டைக்குக் குடிநீர் தந்தது. உசேன் சாகர் 16ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது.

உசேன் சாகரின் நடுவே நிற்கும் புத்தர் சிலையும் இப்பகுதிக் கருங்கல்லே. புவனகிரிக்கு அருகில் உள்ள ராய்கிரியில் ஒரே கல்லில் செதுக்கப்பட்ட அச்சிலை, 1990இல் ஏரியின் நடுவே கொண்டு செல்லப்பட்டபோது மிதவையிலிருந்து சரிந்து நீரில் மூழ்கியது. பணியாளர் சிலர் உயிரிழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1992இல், சிலை மீட்கப்பட்டு மேடைமேல் நிறுத்தப்பட்டது. படகில் செல்லக் கட்டணம் உண்டு; ஏரிக்கரையில் நின்று காணக் கட்டணம் இல்லை.

நகரின் நடுவே ஓடும் மூசி ஆறு 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் பெருக்கெடுத்து ஊரை அழித்தது. பல்லாயிரவர் மாண்டனர். அப்சல்கஞ்சில் இருந்த ஒரு புளியமரத்தின்மீது ஏறிக்கொண்டோர் ஏறத்தாழ 150 பேர் உயிர்பிழைத்தனர் என்பர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அம்மரத்தை இன்றும் காணலாம். வெள்ளத்திற்குப் பின் பொறியாளர் விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். அவர் அளித்த ஆலோசனையின்படி, மூசி ஆற்றின் குறுக்கே உஸ்மான் சாகரும், அதன் துணையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகரும் கட்டப்பட்டன. முன்னது 1920இலும் பின்னது 1927இலும் நிறைவுற்றன. உஸ்மான் சாகரை மக்கள் கண்டிப்பேட்டை ஏரி என்றும் அழைப்பர்.

ஒருநாள் பயணம்

பயணம் செய்வோர்க்கு வழிகாட்டுவது தமிழர்க்குப் பழகிய கலை. பத்துப்பாட்டு நூல்களுள் ஐந்து, ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், மலைவழியில் செல்லும் கலைஞர்க்கு எங்கே பாதை வழுக்கும், எங்கே காவலர் இருப்பர், எங்கே உணவு கிடைக்கும் என்பவற்றையெல்லாம் சொல்கிறது. அந்நூலின் நோக்கிலேயே இன்றைய பயணத்தையும் திட்டமிடலாம்.

விடியற்காலையில் கஜாகுடாக் குன்றுகளில் தொடங்குவது நன்று. வெயில் ஏறினால் கருங்கல் கொதிக்கும். சூரியன் எழும்போது பாறைகளின் நிறம் சாம்பலிலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவதைக் காணலாம். பின்னர் உஸ்மான் சாகர் கரை. அங்கிருந்து மேற்கே அனந்தகிரி மலைகள். ஐதராபாத்திலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், விகாராபாத் நகருக்கு அருகே உள்ள இம்மலைக்காட்டிலேயே மூசி பிறக்கிறது. நகரில் கழிவு சுமந்து ஓடும் ஆறு, பிறக்கும் இடத்தில் தெளிந்த ஊற்றாக இருப்பதைக் காணும் மாணவர், இடையில் அதற்கு நேர்ந்தது என்ன என்று தாமே கேட்டுக்கொள்வர்.

வழியில் மண்ணின் நிறமும் மாறும். நகரைச் சுற்றிக் காணப்பட்ட கருங்கல் மறைந்து, விகாராபாத் பகுதியில் கரும்பாறையும் செம்புரைக்கல்லும் தோன்றும். இக்கரும்பாறை, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கிப் பரவிய எரிமலைக்குழம்பு இறுகியதால் உண்டானது. ஆக, இரண்டு மணிநேரப் பயணத்தில் புவி வரலாற்றின் 240 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கடந்துவிடுகிறது. இதற்கும் சீட்டு இல்லை.

செலவைக் கணக்கிடுவதும் எளிது. போகவர 160 கிலோமீட்டர் எனக் கொள்வோம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் சிற்றுந்துக்கு 10 லிட்டர் பெட்ரோல் வேண்டும். ஐவர் சேர்ந்து சென்றால் ஒருவர்க்கு 2 லிட்டர் விலையே செலவு. விகாராபாத்துக்குத் தொடர்வண்டியிலும் செல்லலாம். செலவு இன்னும் குறையும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டால் உணவுச்செலவும் மிகுதியாகாது. ஏரியில் இறங்கிக் குளித்தல், மழையில் நனைந்த பாறைமீது ஏறுதல் ஆகிய இரண்டையும் தவிர்த்தல் வேண்டும்.

விலையும் மதிப்பும்

கட்டணம் இல்லாத பொருளுக்கு ஓர் ஆபத்து உண்டு. வாயில் இல்லாத இடத்திற்குக் காவலும் இருப்பதில்லை. கோட்டைக்குச் சுவர் உண்டு. அருங்காட்சியகத்துக்குப் பூட்டு உண்டு. தெருவோரப் பாறைக்கு யாது உண்டு? நகரம் வளர வளர, குன்றுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பாறைகள் கட்டடத்தின் அடித்தளமாகவும், சாலைக்கு இடும் ஜல்லியாகவும், சமையலறை மேடையாகவும் மாறின. பஞ்சாரா மலை, ஜூபிலி மலை என்னும் பெயர்கள் இருக்கின்றன. அம்மலைகளின் பாறைகளுள் பல இன்று இல்லை.

இங்கே எதிர்க்கேள்வி ஒன்று எழும். மக்களுக்கு வீடு வேண்டாவா? வீட்டிற்குக் கல் வேண்டாவா? வேண்டும். பாறை உடைப்போர்க்கும் அதுவே பிழைப்பு. ஆனால், மரத்தை வெட்டினால் மீண்டும் நடலாம். ஏரி தூர்ந்தால் மீண்டும் தூர்வாரலாம். பாறையை ஒருமுறை உடைத்தால் மீண்டும் உருவாக்க இயலாது. மேலும், பாறை வெடிப்புகளின் வழியாகவே மழைநீர் நிலத்தடிக்கு இறங்குகிறது. அவ்விடுக்குகளிலேயே ஓணானும் கொம்பன் ஆந்தையும் வாழ்கின்றன. எனவே, எல்லாப் பாறைகளையும் காக்க இயலாவிடினும், எவற்றைக் காப்பது என்று முன்னரே முடிவு செய்தல் அறிவுடைமை.

இவ்வெண்ணத்துடன் 1996ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பாறைகளைக் காக்கும் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. ஓவியர், கட்டடக்கலைஞர், இயற்கை ஆர்வலர் எனப் பலரும் அதில் இணைந்தனர். மக்களை அழைத்துக்கொண்டு பாறைகளைக் காணச் செல்லும் நடைப்பயணங்களை அச்சங்கம் நடத்திவருகிறது. நகர வளர்ச்சிக் குழுமம் முதலில் ஒன்பது பாறை அமைப்புகளைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மத்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காளான் பாறையும் அவற்றுள் ஒன்று. பாறையை உடைக்காமல், அதையே சுவராகவும் முற்றத்தின் அழகாகவும் கொண்டு வீடு கட்டியோரும் இந்நகரில் உளர். வீடும் பாறையும் ஒன்றாக இருக்க இயலும் என்பதற்கு அவ்வீடுகளே சான்று.

கட்டணமில்லாக் காட்சியைக் காணச் செல்பவர் பணமாகத் தருவது ஒன்றுமில்லை. பாறைமேல் பெயர் எழுதாமை, ஞெகிழிப் பையை விட்டு வராமை, தாம் கண்டதைப் பிறர்க்குச் சொல்லுதல் ஆகிய மூன்றே அவர் செலுத்த வேண்டிய கட்டணம். பலர் அறிந்த பாறையைத் தகர்ப்பது எளிதன்று.

சொற்பொருள்

கற்குழம்பு – நிலத்தின் ஆழத்தில் உருகிய நிலையில் உள்ள பாறை
செம்புரைக்கல் – துளைகள் நிறைந்த செந்நிறக் கல்
ஆற்றுப்படுத்துதல் – வழிகாட்டுதல்
தூர்தல் – மண்ணால் நிரம்பிப் போதல்
ஞெகிழி – பிளாஸ்டிக்

பயிற்சி

1. சதுரக்கல் உருண்டைக்கல்லாக மாறுவது எவ்வாறு?
2. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகியவை கட்டப்பட்டதற்குக் காரணமான நிகழ்வு யாது?
3. 'வாயில் இல்லாத இடத்திற்குக் காவலும் இருப்பதில்லை' – இத்தொடரின் கருத்தை விளக்குக.
4. பிரித்து எழுதுக: கருங்கல், நீர்நிலைகள், அவ்வீடுகள்.
5. செயல்திட்டம்: உங்கள் வீட்டிலிருந்து கட்டணமின்றிக் காணத்தக்க ஓர் இடத்திற்கு நால்வர் சென்றுவர ஆகும் தொலைவையும் செலவையும் கணக்கிட்டு அட்டவணை அமைக்க. அவ்விடத்தைக் காக்க நீங்கள் செய்யக்கூடிய ஒன்றை எழுதுக.