தாத்தாவின் காருக்கு இரும்புக் கூண்டு வேண்டுமா?

(வாகனப் பாதுகாப்பு பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஈப்போ, புந்தோங்கைச் சேர்ந்த தம்பி ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய தாத்தா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் வாங்கிய மோரிஸ் மைனர் கார் இன்றும் நன்றாக ஓடுகிறது. தோட்டத்தில் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகளும் இல்லை. தாத்தாவின் நினைவாக மிஞ்சியிருப்பது அந்தக் கார்தான். தைப்பூசத்திற்குக் குனோங் சீரோ கோயிலுக்குப் பாட்டியையும் பிள்ளைகளையும் அதில்தான் அழைத்துப் போகிறார். "பந்தயக் காரில் இருப்பதுபோல் உள்ளே இரும்புக் கூண்டு போட்டுவிட்டால் எல்லாருக்கும் பாதுகாப்புதானே, ஐயா?" என்று கேட்டார்.

எண்ணம் நல்லதுதான். ஆனால், "வேண்டாம் தம்பி" என்றேன். காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

'ரோல் கேஜ்' எனப்படும் இந்தக் கூண்டு, கார் உருளும்போது கூரை நசுங்காமல் தாங்குவதற்காக உருவானது. 2002இல் நம் நாட்டின் கரம்ஜிட் சிங், உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி வெற்றியாளர் பட்டத்தை புரோட்டோன் பெர்ட் காரில் வென்றார். ராலிக் கார்களில் இந்தக் கூண்டு கட்டாயம். ஆனால், அந்தக் காருக்குள் இருப்பவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தலையில் தலைக்கவசம். உடலை இறுகப் பிடிக்கும் பந்தய இருக்கை. தோள், இடுப்பு, தொடை ஆகியவற்றை இருக்கையோடு கட்டிவைக்கும் பல முனை வார். கூண்டு இவற்றோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது.

கோயிலுக்குப் போகும் பாட்டி தலைக்கவசம் அணிவாரா? மாட்டார். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. மோதலின்போது, வார் அணிந்திருந்தாலும் நம் உடலும் தலையும் முன்னும் பக்கவாட்டிலும் வீசப்படும். பழைய கார்களில் உள்ளிடம் குறைவு. கூண்டின் குழாய் தலைக்குச் சில அங்குலத் தூரத்தில்தான் நிற்கும். காரே உருளாத, சாதாரண மோதலில்கூட வெறும் தலை அந்த இரும்பில் போய் அடிக்கும். காப்பாற்ற வைத்த கூண்டே மண்டையை உடைத்துவிடும்.

"குழாயைச் சுற்றிப் பஞ்சு கட்டிவிட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். சாதாரண மென்பஞ்சு ஒரே அடியில் நசுங்கிவிடும். அடியின் வேகத்தை உறிஞ்சாது. அனைத்துலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்ஐஏ இதற்கெனத் தனித் தரம் வகுத்திருக்கிறது. அந்தப் பட்டையும் தலைக்கவசம் அணிந்த தலைக்காகவே செய்யப்படுகிறது.

பின் இருக்கையையும் மறந்துவிடக் கூடாது. கூண்டின் பின்தாங்கிகள் பின்னால் அமர்பவரின் தலைக்கருகே சாய்வாக இறங்கும். அங்கே பிள்ளைகளை உட்கார வைக்கவே கூடாது.

அடுத்தது, கூண்டு எப்படிச் செய்யப்படுகிறது என்பது. எஃப்ஐஏ விதியின்படி முக்கிய வளைவுக்குத் தையலற்ற எஃகுக் குழாய் வேண்டும். விட்டம் 45 மில்லிமீட்டர் என்றால் தடிப்பு 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குழாயின் கால் ஊன்றும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிப்பும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள வலுவூட்டும் தகடு வேண்டும். இரும்புக்கடையில் வாங்கிய தண்ணீர்க் குழாயை வளைத்து, தரைத் தகட்டில் நான்கு ஆணி முடுக்கினால் அது கூண்டு ஆகாது. மோதலில் அந்தக் கால், தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும்.

அதிலும் மோரிஸ் மைனருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. தகர உடலே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. நம் ஊர் மழையிலும் ஈரத்திலும் அந்தத் தகரம் என்ன ஆகியிருக்கும்?

சட்டமும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் பதிவான வாகனத்தின் கட்டமைப்பை நம் விருப்பத்திற்கு மாற்ற முடியாது. பட்டறைக்குப் போகும் முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்ல வேண்டும். மறைத்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

அப்படியானால் பழைய காரில் குடும்பத்தோடு போகவே கூடாதா? போகலாம். பணத்தைச் சரியான இடத்தில் செலவிடுங்கள்.

முதலில், மூன்று முனை இருக்கை வார். 1959இல் வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கியது இது. மலேசியாவில் முன் இருக்கைக்கு 1979லும், பின் இருக்கைக்கு 2009லும் வார் அணிவது கட்டாயமானது. உங்கள் காரில் வார் இல்லையென்றால், வலுவான இடத்தில் வலுவூட்டும் தகடு வைத்து, அனுபவமுள்ளவரைக் கொண்டு பொருத்துங்கள். சிறு பிள்ளைகளுக்கு அவர்கள் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற இருக்கை வேண்டும். அதைச் சரியாகப் பொருத்த முடியாவிட்டால், பிள்ளைகளை வேறு காரில் அழைத்துப் போங்கள்.

இரண்டாவது, துரு. மூன்றாவது, பிரேக்கும் டயரும். மேலே தேய்மானம் தெரியாத டயர்கூட பழசானால் இறுகி வெடித்துவிடும். நான்காவது, நிதானம். பழைய கார் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டி போட வேண்டியதில்லை.

பந்தயத் திடலில் மட்டும் ஓட்டப் போகிறீர்களா? அப்போது முறையான கூண்டு, தலைக்கவசம், பந்தய இருக்கை, பல முனை வார் எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்துங்கள். அந்தக் காரைக் குடும்பக் காராகப் பயன்படுத்தாதீர்கள்.

புந்தோங் தம்பி அன்று மாலையே எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஓட்டுநர் பக்கத்துக் கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தாராம். திருப்புளியால் லேசாகக் குத்தியதும் அது தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு போய்விட்டதாம். கூண்டுக்குச் சேர்த்த பணத்தில் இப்போது தரைத் தகடு மாற்றுகிறார். நான்கு வார்களும் வாங்கிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால், நாளைக் காலை கால்விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், நேயர்களே.