தாய்ப்பாலில் ஊர்க்காவல்

தாய்ப்பாலில் உள்ள நோய் எதிர்ப்பொருள்களில் பெரும்பகுதி இம்யூனோகுளோபுலின் ஏ வகை. கருவிலிருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாகக் கிடைப்பது ஜி வகை. அது இரத்தத்தில் சுற்றும். வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்சவ்வைக் காக்க ஏ வகை வேண்டும். அதைப் பிறந்த குழந்தையின் உடல் முதல் சில வாரங்களில் மிகக் குறைவாகவே தயாரிக்கிறது. அந்தக் குறையைப் பால் ஈடுகட்டுகிறது.

இந்த எதிர்ப்பொருள் தாய் வாழும் இடத்துக்கேற்ப அமைவதுதான் வியப்பு. ஜொகூரின் லாபிஸில் வாழும் தாயின் உடலுக்குள் அங்குள்ள கிருமிகள் உணவோடும் நீரோடும் போகின்றன. குடல் சுவரிலுள்ள நோய்த்தடுப்புத் திட்டுகள் அவற்றை அடையாளம் காண்கின்றன. அங்கே பழகிய அணுக்கள் இரத்தம் வழியே மார்புச் சுரப்பியில் வந்து தங்கி, அதே கிருமிகளுக்கான எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. குழந்தைக்கு வரக்கூடியவையும் பெரும்பாலும் அதே வீட்டுக் கிருமிகள்தாம். எதிர்ப்பொருளோடு சேர்ந்திருக்கும் ஒரு புரதத் துண்டு அதை எளிதில் செரித்துப்போக விடாது. கன்றுக்குட்டி சீம்பாலின் எதிர்ப்பொருளை இரத்தத்துக்குள் உறிஞ்சிக்கொள்ளும். மனிதக் குழந்தைக்கோ அது குடலிலேயே நின்று, கிருமியைச் சுவரில் ஒட்டவிடாமல் பற்றி மலத்தோடு வெளியேற்றும்.

முதல் சில நாள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில்தான் இதன் செறிவு மிக அதிகம். அதைக் கெட்ட பால் என்று பீச்சி ஊற்றிவிட்டு, சேனை என்று சீனித் தண்ணீரைத் தொட்டு வைப்பது இரட்டை இழப்பு.

மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போன தாய்மார் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலம் உண்டு. அந்தக் காலத்தில் தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவாக விற்பதைக் கொலை என்றே 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சாடினார் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். தாயின் எதிர்ப்பொருள் எந்த டின்னிலும் வராது.

மலேசியாவில் தனியார் துறைப் பேறுகால விடுப்பு 2023 முதல் 98 நாள். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்லும் காலமோ ஆறு மாதம். வேலைக்குத் திரும்பும் தாய் பாலைப் பீச்சிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். எதிர்ப்பொருளின் பெரும்பகுதி நிலைத்திருக்கும். கொதிக்கவைத்தால் அழிந்துபோகும், பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்தாலே போதும். தடுப்பூசிக்குத் தாய்ப்பால் மாற்று அல்ல. குறித்த நாளில் ஊசியும் போட வேண்டும்.