நெடுவேல் அணியும் பகடையாட்டமும்

நீண்ட காம்புடைய படைக்கலங்களுள் பதினைந்தடிக்கு மேற்பட்ட நெடுவேல், தனித்து நிற்கும் வீரனுக்கு ஏற்றதன்று. வாளேந்திய ஒருவன் அதன் முனையை ஒருமுறை விலக்கி உட்புகுந்துவிட்டானாயின், வேலேந்தியவன் கையிலிருப்பது வெறுங் கழியே. ஆயினும், இவ்வேலைத் தாங்கிய காலாட்படையே கி. மு. 4ஆம் நூற்றாண்டில் மக்கெதோனியாவைக் கிரேக்க நாடுகளின் தலைமைக்கு உயர்த்தியது. பின்னர் அலெக்சாந்தருடன் பஞ்சாப் வரை நடந்தது. ஒருவன் கையில் வலுவற்ற கருவி ஓரணியின் கையில் வெல்லற்கரியதாயது யாங்ஙனம்? இவ்வினா வரலாற்றாசிரியர்க்கே உரியதாயிருந்தது. கடந்த அரை நூற்றாண்டாகப் பாத்திரமேற்று ஆடும் மேசையாட்டங்களுக்கு விதி வகுப்போரும் இதற்கு விடை தேட வேண்டியவராயினர். அவ்வாட்டத்தில் ஒவ்வோர் ஆடுநரும் தம்மை ஒரு கற்பனை வீரனாகக் கொண்டு, அவன் செய்வதைச் சொல்லால் உரைத்து, அதன் பயனைப் பகடை உருட்டி அறிவர். நடுவர் ஒருவர் கதையை நடத்துவார்.

வரலாற்று விடையைத் தெளிவுறத் தந்தவர் பொலிபியசு. அக்கேய நாட்டவரின் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிய இவர், கி. மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றின் 18ஆம் நூலிலே, பலாங்சு எனப்படும் இந்நெருங்கணியைக் கணக்காகவே விளக்கியுள்ளார். சரிசா என்னும் அந்நெடுவேலின் நீளம் 14 முழம், அஃதாவது 21 அடி. இரு கைகளும் பற்றும் இடமும், சமநிலைக்காகப் பின்னே விடப்படும் பகுதியும் 4 முழத்தைக் கொள்ள, வீரனுக்கு முன்னே நீள்வது 10 முழம். நெருங்கி நிற்கும்போது ஒருவனுக்கு உரிய இடம் அகலத்திலும் ஆழத்திலும் 3 அடியே. எனவே, இரண்டாம் வரிசையினன் வேல் முதல் வரிசைக்கு முன்னே 8 முழமும், மூன்றாமவனுடையது 6 முழமும், நான்காமவனுடையது 4 முழமும், ஐந்தாமவனுடையது 2 முழமும் நீண்டு நிற்கும். முதல் வரிசையின் ஒவ்வொரு வீரனுக்கு முன்னும் ஐந்து முனைகள்! உரோம வீரனோ வாளை வீசுதற்கும் கேடயத்தைத் திருப்புதற்கும் 6 அடி இடம் வேண்டுபவன். ஆகவே அவனொருவன் மக்கெதோனியர் இருவரையும் அவர்தம் பத்து வேல்முனைகளையும் எதிர்கொள்ள வேண்டியவனாகின்றான். பத்தையும் ஒருவன் வெட்டி விலக்குதல் இயலாது என்பதே பொலிபியசின் முடிபு.

வழக்கமாக இவ்வணி 16 வரிசை ஆழமுடையது. எஞ்சிய பதினொரு வரிசையினரின் வேல்கள் பகைவனை எட்டா. எட்டாவிடினும் அவர் வாளாவிருப்பவரல்லர். தம் வேல்களை முன்னுள்ளோர் தோள்களுக்கு மேலே சாய்த்து நிமிர்த்திப் பறந்துவரும் எறிபடைகளைத் தடுப்பர். உடற்பாரத்தால் முன்னோரை உந்துவர். முன்னோர் புறங்காட்ட இடமளியார்.

இதன் குறையும் இதே கணக்கிற் பிறப்பதாம். பள்ளமும் மேடும் ஓடையும் இல்லாத வெளிநிலம் இவ்வணிக்கு வேண்டும். வரிசை குலைந்தால் ஐந்து முனை ஒன்றாகிவிடும். கி. மு. 197இல் கினொசெபலே என்னும் குன்றுகளில், ஐந்தாம் பிலிப்பு மன்னனின் வலப்பக்கம் உரோமரைச் சரிவில் தள்ளிச் சென்றது. இடப்பக்கமோ இன்னும் அணிவகுத்து முடியாத நிலையில் சிதறியது. அப்போது பெயரறியப்படாத உரோமப் படைத்தலைவன் ஒருவன், 20 சிறுபடைகளைப் பிரித்துச் சென்று, வென்றுகொண்டிருந்த வலப்பக்கத்தைப் பின்னிருந்து தாக்கினான். வேல்களைத் திருப்ப இயலாதவராய் மக்கெதோனியர் மடிந்தனர். கி. மு. 168இல் பிட்னாவிலும், நிலத்தின் ஏற்ற இறக்கத்தால் அணியிற் தோன்றிய பிளவுகளுள் உரோமர் சிறு சிறு குழுக்களாகப் புகுந்தனர். உட்புகுந்தவர்க்கு எதிரே மக்கெதோனியரிடம் இருந்தவை குறுவாளும் சிறு கேடயமுமே.

இத்தகைய அணியை மேசைக்குக் கொணர்ந்தோருள் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்கரான கேரி கைகாக்ஸ். 1971இல் இவரும் ஜெப் பெரெனும் வெளியிட்ட செயின்மெயில் என்னும் நூல், இடைக்காலப் போரைச் சிறு பொம்மைகளால் ஆடுவதற்குரியது. அதில் திரள்படைக்கு ஒருவகை விதியும், ஒருவரோடொருவர் பொருவதற்கு மற்றொருவகை விதியும் உண்டு. திரள்படையில் ஒரு பொம்மை 20 வீரரைக் குறிக்கும். தனிப்போர் விதியிலோ படைக்கலங்கள் குத்துவாள் முதல் நெடுவேல் ஈறாக 12 படிகளாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. முதற்சுற்றில் தாக்குவோனே முந்துவான் எனினும், எதிர்ப்பவன் கருவி இரண்டுபடி நீண்டதாயின் அவன் முந்துவான். அடுத்த சுற்று முதல், இரண்டுபடி குறுகிய கருவியுடையவனுக்கே அவ்வாய்ப்பு. பிட்னாவில் நிகழ்ந்தது இவ்விரண்டு வரிகளுள் அடங்கிவிட்டது எனலாம். பிற்கால விதிநூல்கள் பலவற்றிலும் இத்துணைச் சுருக்கமும் உண்மையும் ஒருங்கமைந்த விதி அரிது.

1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ஆக்கிய டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டம், திரளை விட்டுத் தனிவீரனைப் பற்றிக்கொண்டது. கைகாக்ஸுக்கு நெடுங்காம்புக் கருவிகளில் இருந்த பற்று குறைந்ததில்லை; 1985இல் வெளியிட்ட துணைநூலில் அவற்றின் பெயர்விளக்கத்துக்கென்றே ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தார். ஆயினும் பெயர்கள் பெருகிய அளவுக்கு அணி பெருகவில்லை. 2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, நீண்ட கருவி 10 அடியில் நிற்பவனைத் தாக்கும், அடுத்து நிற்பவனைத் தாக்காது என்று வகுத்து, உட்புகுந்தவன் பெறும் நன்மையையேனும் காத்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் அத்தடையும் நீங்கியது. 18 இறாத்தல் எடையுள்ள நெடுவேலை ஒருவன் தன் மூக்கின் முன் நிற்பவன்மீதும் இடரின்றிச் செலுத்தலாம்.

அப்பதிப்பின் விதிகளைப் பொலிபியசின் கணக்கோடு ஒப்பிடுதல் பயனுடைத்து. ஒரு வீரனுக்குரிய கட்டம் 5 அடி. நெடுவேலின் எட்டம் 10 அடி. எனவே நேர்வரிசையில் இருவர் மட்டுமே தாக்க வல்லர். ஐந்து முனை இரண்டாயிற்று. அவ்விரண்டாமவனுக்கும் ஓர் இடையூறு உண்டு. தாக்குபவனுக்கும் பகைவனுக்கும் இடையே நிற்பவன் நண்பனாயினும், அவன் பகைவனுக்கு அரைமறைவு ஆவான். பகைவனின் காப்பெண் 2 கூடும். மக்கெதோனியனுக்கு முன்னே நின்ற தோழன் அரண். ஆட்டத்திலோ அவன் தடை. பத்தடி எட்டமும் ஐந்தடிக் கட்டமும் ஆடுதற்கு எளிமை கருதி அமைந்தவை. அவற்றைக் குறைகூறுதல் முறையன்று. இந்த அரைமறைவு விதி, அணி என்னும் கருத்தையே தலைகீழாக்குகின்றது.

இதனைத் திருத்த விரும்பும் நடுவர், அணி முழுவதையும் ஓருயிராகக் கொள்ளுதல் தகும். பொலிபியசு கூறும் 10 முழம் 15 அடியாதலின், சரியாக மூன்று கட்டம் ஆகின்றது. முனைகள் அணியிலிருந்து 15, 12, 9, 6, 3 அடித் தொலைவுகளில் நிற்பன. ஆதலால் உரோமன் ஒருவன் முதற் கட்டத்தில் நான்கு முனையையும், அடுத்ததில் நான்கையும், இறுதியில் இரண்டையும் கடந்தே அணியைத் தொடல் வேண்டும். பத்து முறை பகடை உருட்டுதல் சலிப்பூட்டும். கட்டத்துக்கு ஓர் உருட்டல் போதும், முதலிரண்டும் கடினமாகவும் மூன்றாவது எளிதாகவும் அமையலாம். அணி முன்னோக்கி மட்டுமே தாக்கும். போர் தொடங்கியபின் திரும்பலாகாது. கரடு நிலத்தில் நகரும் ஒவ்வொரு முறையும் குலையாது நிற்கின்றதா எனப் பகடை கேட்டறிதல் வேண்டும். தவறின் ஒரு பிளவு திறக்கும். அப்பிளவிற் புகுந்தவனை அணியினர் குறுவாளால் மட்டுமே தாக்குவர். இவ்வாறு ஆடும்போது, ஆடுநர் நேரே பாய்வதை விட்டு நிலத்தை நோக்கத் தொடங்குவர். ஓடை எங்கே, மேடு எங்கே, பின்வழி உண்டா என்று வினவுவர்.

கினொசெபலேயின் இறுதிக் காட்சியும் ஆட்டத்துக்கு உதவும். சூழப்பட்ட மக்கெதோனியர் தம் வேல்களை நிமிர்த்துப் பிடித்தனர். அது சரணடைதற்கு அவர்கள் வழக்கிலுள்ள அறிகுறி. உரோமத் தளபதி பிளமினினசு அதன் பொருளைக் கேட்டறிந்து அவர்களைக் காக்க எண்ணினான். அதற்குள், அறியாத வீரர் சிலர் பாய்ந்து வெட்டத் தொடங்கிவிட்டனர். நடுவர், எதிரணியின் வேல்கள் ஒருங்கே மேலெழுந்தன என்று மட்டும் கூறிப் பொருளுரையாது விடுவாராயின், உரோமராய் ஆடுவோர் அன்று அவ்வீரர் நின்ற நிலையிலேயே நிற்பர்.