ஒரு சோடிப் பறவைக்கு ஒரு வீடு

கீரிமலைப் பக்கம் மீள்குடியேறிய குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது, சில வீட்டு விறாந்தைகளில் 'லவ் பேர்ட்ஸ்' கூடுகளைக் காண்கிறேன். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்க, தாய்மார் ஒரு சோடி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அப்படியான வீடொன்றில் வயதான தாயொருவர் என்னிடம் கேட்டார்: "நாங்களே அடைபட்டுக் கிடந்த சனம், பிள்ளை. இதுகளையும் அடைக்கிறதோ?"

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, நீண்ட காலம் முகாமில் வாழ்ந்தவர் அவர். 2009இல் மெனிக் பாம் முட்கம்பிக்குள் இருந்த சகோதரிகளுக்கும் இதே எண்ணம் வரக்கூடும். தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியல்ல இது.

பனைப்பொந்தில் இருக்கும் கிளிக்குஞ்சை எடுத்துவந்து அடைப்பது கொடுமைதான். அதற்கு இந்த ஊரே வீடு. ஆனால், லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் இந்தச் சின்னக் கிளிகளின் பூர்வீகம் அவுஸ்திரேலியா. 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன்பின் பல தலைமுறைகளாக மனிதரின் பராமரிப்பிலேயே இவை பெருகி வந்துள்ளன. இங்கே திறந்துவிட்டால் காகத்துக்கோ பூனைக்கோ இரையாகிவிடும். எனவே, வாங்கிவிட்டால் நல்ல வீடு கொடுப்பது நமது கடமை.

கூடு எப்படி இருக்க வேண்டும்?

ஒரு சோடிக்குக் குறைந்தது மூன்றடி நீளமான கூடு நல்லது. இவை மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில் பறப்பவை. ஆகவே உயரத்தைவிட நீளமே முக்கியம். கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. புதிய கம்பிவலையை வினாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் நாகத்தூள் பறவைக்கு நஞ்சு. இருந்து இளைப்பாற, வேம்பு அல்லது கொய்யாக் கொப்பு வையுங்கள்.

சோளகமும் வாடையும் நேராக அடிக்காத சுவரோரம் கூட்டை வையுங்கள். குசினியில் வேண்டாம், அடுப்புப் புகை இவற்றின் சுவாசத்துக்கு ஆகாது. தினை, சாமை, கழுவிய முருங்கையிலை ஆகியவற்றை உண்ணக் கொடுக்கலாம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை நன்னீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கட்டிவிட்டால் சுண்ணாம்புச் சத்துக் கிடைக்கும். எச்சத்தை ஈரப்படுத்திய பின் கூட்டுங்கள்; அதன் தூசியால் மனிதருக்கும் நோய் வரலாம். குஞ்சுகள் வேண்டாமென்றால் முட்டி கட்டாதீர்கள்.

பழக்குவது எப்படி?

சோடியாக இருப்பவை ஒன்றையொன்று துணையாகக் கொள்வதால் மனிதருடன் பழகச் சற்றுக் காலம் எடுக்கும். முதல் சில நாட்கள் அவற்றைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். பிறகு தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் அருகில் இருந்து மெதுவாகக் கதையுங்கள். பயம் தெளிந்ததும் தினைக்கதிரைக் கையில் பிடித்தபடி கூட்டுக்குள் அசையாமல் வையுங்கள். அவை தாமாக வந்து கொத்தட்டும். பின்னர் விரலை மெல்ல நெஞ்சின் கீழே வைத்தால் ஏறிக்கொள்ளும். அதன்பின் கதவு யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அறைக்குள் பறக்கவிடலாம்.

ஒருநாளும் துரத்திப் பிடிக்காதீர்கள். ஒருமுறை பிடித்து அமுக்கிய கைக்கு அது மீண்டும் வரப் பல வாரங்கள் செல்லலாம். பெரிய சத்தம் கேட்டால் திடுக்கிடும் நம்மில் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பயந்த உயிரிடம் நம்பிக்கையைப் பறித்தெடுக்க முடியாது, காத்திருந்துதான் பெறலாம். பிள்ளைகள் இதைக் கூட்டருகில் பொறுமையாக நின்று பழகினால், அது வீட்டுக்குள்ளும் பயன்படும்.

பறவை மனவடுவுக்கு மருந்தல்ல. நித்திரையின்மை, ஓயாத பயம் இருந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடத் தயங்க வேண்டாம்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான்: "அம்மா, அடைச்சு வைக்கிறதுக்கும் வீடு குடுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. பறக்க இடமும் பயமில்லாத கையும் இருந்தால் அது வீடு." இந்த இரண்டையும் கொடுக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள், சகோதரிகளே. முடியாவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது. முற்றத்து மரத்தடியில் ஒரு சிரட்டைத் தண்ணீர் வைத்தால், ஊர்ப் பறவைகள் தாமாகவே வரும்.