வீட்டைப் பூட்டியாச்சு... தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாச்சா?

மாலை போட்டு சபரிமலை, தைப்பூசத்துக்கு பழனி பாதயாத்திரை, லீவு விட்டால் கொடைக்கானல், இல்லையென்றால் சென்னையில் இருக்கும் மகள் வீடு. வருஷத்தில் நாலைந்து முறையாவது வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறோம். கேஸ் சிலிண்டரை மூடுகிறோம், மெயின் சுவிட்சை அணைக்கிறோம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டைப் போட்டு, இரண்டு தடவை இழுத்தும் பார்த்துக்கொள்கிறோம்.

ஆனால் மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியையும் வாசலில் இருக்கும் சம்ப்பையும் யாராவது பார்க்கிறோமா? நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் அந்தத் தண்ணீருக்கு என்ன ஆகிறது, அதை எப்படிப் பராமரிப்பது என்பதைப் பார்ப்போம்.

தேங்கிய தண்ணீரில் என்ன நடக்கிறது?

திண்டுக்கல் நகருக்கு ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் இருந்தும் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருந்தும் தண்ணீர் வருகிறது. அதில் கிருமிகளைக் கொல்ல குளோரின் கலக்கிறார்கள். குழாய் முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் அந்தக் குளோரின் நிரந்தரம் கிடையாது. வெயிலிலும், தொட்டியின் அடியில் படிந்த சேற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிவிடும். இரண்டு வாரம் கழித்து நீங்கள் திரும்பி வரும்போது தொட்டியில் இருப்பது பாதுகாப்பு இழந்த தண்ணீர்.

அடுத்தது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைவிட நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். நம் வெயிலுக்கு முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அதாவது ஒரு வாரத்துக்கு மேல் வீட்டைப் பூட்டினாலே கணக்கு சரியாகிவிடுகிறது. இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. உங்கள் தொட்டியில் பிறந்தது உங்கள் தெருவில்தான் கடிக்கும். நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக் குழந்தை இருக்கிறது.

வீடு வீடாக வரும் டெங்கு தடுப்புப் பணியாளர்களுக்கு பெரிய சிக்கலே பூட்டிய வீடுதான். உள்ளே போகவும் முடியாது, தொட்டியில் அபேட் மருந்து ஊற்றவும் முடியாது. திருப்பூரில் வேலை, வேடசந்தூரிலோ ஒட்டன்சத்திரத்திலோ சொந்த வீடு என்று இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வீட்டிலும் மனையிலும் கொசு உற்பத்தியாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை 1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டமே அங்கு குடியிருப்பவர் மீதும் உரிமையாளர் மீதும் வைத்திருக்கிறது.

கிளம்புவதற்கு முன்

"தண்ணி வர்றதே நாலு நாளைக்கு ஒரு தடவை, இருக்கிறதை கீழே ஊத்தச் சொல்றீங்களா?" என்று நீங்கள் கேட்பது நியாயம். கொட்டச் சொல்லவில்லை, திட்டமிடச் சொல்கிறோம்.

* மூன்று நான்கு நாள் பயணம் என்றால் தொட்டி, சம்ப் மூடிகளை இடைவெளி இல்லாமல் மூடினால் போதும்.
* ஒரு வாரத்துக்கு மேல் என்றால், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே மோட்டார் போடுவதை நிறுத்துங்கள். இருக்கும் தண்ணீரைத் துணி துவைக்க, வீடு கழுவப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.
* ஒரு மாதத்துக்கு மேல் என்றால் தொட்டியை முழுவதும் காலி செய்து, துடைத்துக் காயவைத்து மூடுங்கள். காலித் தொட்டி காற்றில் உருளாமல் இருக்க கயிற்றால் கட்டிவைப்பது நல்லது.
* தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் கொசுவலைத் துண்டை வைத்துக் கட்டுங்கள். மூடி சரியாக இருந்தும் கொசு வருகிறது என்றால் வழி பெரும்பாலும் இதுதான்.
* சிமென்ட் தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது.
* ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். கழிப்பறையில் ஃபிளஷ் செய்துவிட்டு மூடியைப் போடுங்கள்.
* எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் வராத நேரத்தில் திறந்து பார்த்துவிட்டு மூடாமல் விடுவது நம் எல்லோர் வீட்டிலும் நடக்கும். நீங்கள் ஊரில் இல்லாத அன்று தண்ணீர் வந்தால் அத்தனையும் வீண்.

திரும்பி வந்த பிறகு

களைப்பாக வந்ததும் குழாயைத் திறந்து ஒரு சொம்பு குடித்துவிடாதீர்கள். தொட்டியில் மிச்சம் இருக்கும் பழைய தண்ணீரைச் செடிக்கும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பின், 10 லிட்டர் வாளியில் 6 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து உட்சுவரெல்லாம் படும்படி பூசுங்கள். அரை மணி நேரம் விட்டு அலசி, அந்த நீரை வெளியேற்றுங்கள். பிறகு புதுத் தண்ணீரை நிரப்பி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரை இதேபோல் கரைத்துத் தெளியவைத்து ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். இந்த அளவுகள் 33 சதவீத குளோரின் உள்ள புதுப் பவுடருக்கானவை. பிரித்து வைத்து மாதக்கணக்கான பவுடருக்கு வீரியம் இருக்காது.

அடுத்து குழாய்கள். தொட்டி சுத்தமானாலும், சுவருக்குள் ஓடும் பைப்பில் பழைய தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு குழாயையும் இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிட்டு, அதை வாளியில் பிடித்து வீடு கழுவிக்கொள்ளுங்கள். ஹீட்டரில் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் நுரையீரலைப் பாதிக்கும் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரலாம். முதல் குளியலுக்கு முன் ஹீட்டரை 60 டிகிரி வரை சூடாக்கி, ஜன்னலைத் திறந்துவைத்து அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தில் பழைய நீரை வடித்துவிட்டு, முதல் இரண்டு தடவை நிரம்பும் நீரையும் குடிக்காமல் விடுங்கள்.

மேல்நாடுகளில் தண்ணீர்த் தொட்டி, பம்ப், குழாய் எல்லாம் பொருத்திய கேரவன் வண்டியில் ஊர் சுற்றுபவர்களும் ஒவ்வொரு பயணத்துக்கு நடுவிலும் இதையேதான் செய்கிறார்கள்: காலி செய்வது, கிருமி நீக்குவது, அலசுவது. நம் ஊர் யாத்திரை வேன்களில் ஏற்றிப் போகும் டிரம், கேன்களுக்கும் இதே விதிதான். திரும்பி வந்ததும் கழுவிக் காயவைத்து, அடுத்த பயணத்துக்கு முன் மறுபடி கிருமி நீக்கி அலசிவிட்டு நிரப்புங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

மாதக்கணக்கில் மூடிக்கிடந்த சம்ப்பைத் திறந்ததும் உள்ளே இறங்கக் கூடாது. காற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், விஷவாயு இருக்கலாம். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் இறந்துபோன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. முடிந்தவரை மேலிருந்தே நீண்ட பிரஷ்ஷாலும் பம்ப்பாலும் சுத்தம் செய்யுங்கள்.

பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

யாரிடம் கேட்கலாம்?

* வீடு பூட்டியிருக்கும்போது மொட்டை மாடி, கொல்லைப்புறச் சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவையுங்கள். கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போவார். பூட்டிய வீடு பற்றி காவல் நிலையத்திலும் தகவல் சொல்லிவிடுங்கள்.
* தண்ணீரின் தரத்தில் சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் மாதிரி எடுக்க வேண்டும்.
* தெருவில் பூட்டிக்கிடக்கும் வீட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால், மாநகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் சொல்லுங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் புகார் தரலாம்.
* ஊரிலிருந்து வந்த பின் யாருக்காவது காய்ச்சல் என்றால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104.

"கிளம்புவதற்கு முன்" பகுதியை இப்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவையுங்கள். அடுத்த முறை பெட்டி கட்டும்போது யாராவது ஒருவர் மாடி ஏறிப் பார்த்துவிட்டு வந்தால் போதும். பத்து நிமிட வேலைதான்.