உப்புத் தண்ணியா, கடினத் தண்ணியா?

போர் தண்ணியைப் பொத்தாம்பொதுவா 'உப்புத் தண்ணி' என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கரைந்திருக்கும் எல்லா உப்புகளும் சேர்ந்தது டிடிஎஸ். அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பதுதான் கடினத்தன்மை. சோப்பு நுரைக்காததற்கும், கெய்சரில் வெள்ளையாகப் படிவதற்கும் காரணம் இந்த இரண்டும்தான்.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று மட்டும் பார்க்கும். சோடியமா, கால்சியமா என்று அதற்குத் தெரியாது. அதனால் அந்த மீட்டரைக் காட்டி யாராவது சாஃப்ட்னர் விற்க வந்தால் கொஞ்சம் யோசிங்க. சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. டிடிஎஸ் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் சம அளவு போர் தண்ணியும் ஆர்ஓ தண்ணியும் எடுங்க. சாதா பார் சோப்பைக் கரைத்துச் சொட்டுச்சொட்டாக விட்டுக் குலுக்குங்க. நுரை நிற்க எதற்கு அதிகச் சொட்டு தேவையோ அதுதான் கடினம். டிடர்ஜென்ட் வேண்டாம், அது கடின நீரிலும் நுரைக்கும்.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் சொட்டு டெஸ்ட் கிட் வாங்கலாம். சிவப்பு நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ணி, கிட்டில் சொன்ன எண்ணால் பெருக்கணும். எங்க போர் தண்ணிக்கு மீட்டர் காட்டியது 1,100. கிட்டில் வந்த கடினத்தன்மை 320. குடிநீருக்கான ஐஎஸ் 10500:2012 தரப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை.

கடினத்தன்மை குறைவாக இருந்து டிடிஎஸ் மட்டும் அதிகம் என்றால், சாஃப்ட்னருக்குப் போடும் காசு வீண்.